உறைபனிப் படியில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? நீலகிரி அனுபவங்கள்

காந்தல்வாசி

உறைபனி சீசன் வந்துவிட்டது. ஊட்டியில் வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இரண்டு பேருமே இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு காந்தலில், பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத இரவில் அது மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் மேலே புல் வெறும் ஈரமாக இருக்கிற காலையில்கூட எங்கள் பக்கம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். போன ஜனவரியில் அம்மா பால் வாங்க இறங்கும்போது வெளிப்படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூர் கொண்டுபோய்த்தான் ஆபரேஷன் செய்தோம்.

ஓனரிடம் பேசினால், "பனி பெஞ்சதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படியில் இருந்தது வானத்துப் பனி இல்லை. மாடியில் இருக்கிற சின்டெக்ஸ் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேராக அந்தப் படியில்தான் கொட்டும். ராத்திரி முழுக்கச் சொட்டி, விடிவதற்குள் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. பக்கத்துப் படிகளில் மெல்லிய வெண்மை மட்டும்தான், அதில் யாரும் விழவில்லை. அந்த ஓவர்ஃப்ளோ பைப்பைத் திருப்பி விடச் சொல்லி மழைக்காலத்திலேயே வாட்ஸ்அப் அனுப்பியிருந்தேன். "பாக்கலாம்" என்று ஒரு பதில் வந்திருந்தது. கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

வழுக்கி விழுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது என்று வக்கீல் சொன்னார். அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்பது, கோர்ட் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த சட்டம். அதில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று. அந்த இடம் யார் கையில் இருக்கிறது? ஆபத்து அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் சரி செய்தாரா? பல குடித்தனம் இருக்கிற வீட்டில் பொதுப் படிக்கட்டு ஓனர் கையில் இருக்கிறது. நம் வீட்டுக்குள் நாமே தண்ணீர் கொட்டி விழுந்தால் அது வேறு. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆவது பிரிவும் ஓனருக்கு ஒரு கடமை வைக்கிறது. தனக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் எந்தப் பழுது யாருடையது என்று அட்டவணையே போட்டிருக்கிறது. தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஓனர் வேலை.

நோட்டீஸ் அனுப்பினோம். கேஸ் கோர்ட்டுக்குப் போகவில்லை, சமரசம் பேசி முடிக்கிற லோக் அதாலத்திலேயே (மக்கள் நீதிமன்றம்) முடிந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பங்கு வந்துவிட்டது. அம்மா இப்போது வாக்கரோடு நடக்கிறார்.

தலைகுந்தா ஹோம்ஸ்டே

நான் மறுபக்கம், வீட்டில் ஆட்களைத் தங்க வைக்கிற ஓனர். உறைபனி பார்க்கவென்றே கீழேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். இருட்டோடு எழுந்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு புல்வெளிக்கு ஓடுவார்கள். முதல் வருடமே ஒரு விருந்தாளி கல்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் கேட்கும் முன்னாலேயே மருத்துவச் செலவைக் கொடுத்தேன். நம் வீட்டுக்கு வந்தவர், வேறு எப்படி நடந்துகொள்வது?

காசு வாங்கித் தங்க வைத்தால் வந்தவர் நுகர்வோர். சேவைக் குறைபாடு என்று 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019 சட்டப்படி அவர் தன் ஊரிலேயே கொடுக்கலாம். அதாவது சென்னைக்காரர் விழுந்தால் நாம்தான் சென்னைக்கு அலைய வேண்டும். "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த போர்டு உங்கள் அஜாக்கிரதையை அழித்துவிடாது. "படி வழுக்கும், இந்தப் பக்கம் வராதீர்கள், அந்த வழியாகப் போங்கள்" என்று எழுதினால் அதற்கு அர்த்தம் உண்டு.

நான் செய்தது: இரும்புக் கைப்பிடி, படிகளில் குறுக்கே கோடு கீறிய சிமென்ட், இரவு முழுக்க எரிகிற ஒரு லைட். சாயங்காலம் பாசியைத் தேய்த்துவிட்டுக் கல்லுப்பு தூவுவேன். நம் ஊர்க் குளிர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழேதான் போகும் என்பதால் உப்பே போதும். பூச்செடி பக்கம் மட்டும் மணல் போடுங்கள், உப்பு வேரைக் கெடுக்கும். விடியற்காலையில் யாரும் வெந்நீர் ஊற்றாதீர்கள். அது மெல்லிசாகப் பரவி மறுபடி உறைந்து, முன்னைவிட மோசமாகிவிடும்.

கோத்தகிரி ஹட்டிக்காரன்

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) இதெல்லாம் கோர்ட்டுக்குப் போகாது. கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் மாமா வீட்டு முற்றத்தில் விழுந்து வேலைக்குப் போக முடியாமல் கிடந்தான். ஊர்த் தலைவரான கவுடர் முன்னால் உட்கார்ந்து பேசி, வேலைக்குப் போகாத நாள் கூலியை மாமா கொடுத்தார். வேலைக்காக வாசலுக்கு வருகிறவனும் வீட்டுக்காரரின் கவனத்துக்கு உரியவன்தான். சட்டத்துக்கு முன்னாலேயே எங்கள் பெரியவர்களுக்கு இது தெரியும்.

குன்னூரிலிருந்து டொராண்டோ

இங்கே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கென்றே எழுதி வைத்த சட்டம் இருக்கிறது. தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்தால் 60 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரியில் வந்த விதி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்து, எதிர்த்தரப்புக்கு அதனால் பாதகமும் இல்லை என்றால் விலக்கு உண்டு. புதிதாக வந்த நம் ஆட்கள் பலர் "ஓனரோடு எதற்கு வம்பு" என்று சும்மா இருந்து நாளைக் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று, வாடகை ஒப்பந்தத்தில் "பனியை வாடகைக்காரரே தள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தாலும் பொது வழியின் பொறுப்பு ஓனரை விட்டுப் போகாது. பேஸ்மென்ட்டில் குடியிருந்த ஒரு பெண் விழுந்த வழக்கில், 2009-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வேலையைத் தனியாக ஒரு ஒப்பந்தமாக, தனிக் கூலி பேசித்தான் கொடுக்க முடியும்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா

எல்லாம் படித்தேன். நம் ஊருக்கு 60 நாள் கெடு எதுவும் இல்லை, ஆனால் சூரியன் வைக்கிற கெடு இருக்கிறது. வெயில் ஏறினால் படியில் ஐஸ் இருந்த அடையாளமே இருக்காது. ஆளைத் தூக்கி உட்கார வைத்தவுடன் வீட்டில் ஒருவர் போனை எடுத்துப் படி, மேலே சொட்டுகிற பைப், எரியாத லைட், போட்டிருந்த செருப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும். உறைபனி பொதுவானது, அதற்காக யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. தொட்டித் தண்ணீரும் உடைந்த படியும் ஒருவருடைய பொறுப்பு. கேஸ் நிற்பதும் விழுவதும் அந்த வித்தியாசத்தில்தான்.

விழுந்தவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் தொகையில் அந்தப் பங்கைக் குறைப்பார்கள், அதற்காகக் கேஸே போய்விடாது. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். லோக் அதாலத்தில் முடித்தால் அதுவே கடைசி, அப்பீல் கிடையாது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பிசியோதெரபி செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) இருப்பவர்களுக்கும் ஒரு வரி. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளிக்கோ குடும்பத்துக்கோ அடிபட்டால் நிர்வாகம் ஈடு கொடுக்க வேண்டும் என்று பழைய தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வழுக்கி விழுவது அதில் வராது. லைன் படிக்கட்டு பற்றி மேனேஜருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவசரத்தில் "வீட்டில் தானாக விழுந்தார்" என்று எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் படித்துக் காட்டுவார். எந்தப் படி, எத்தனை மணி, என்ன உறைந்திருந்தது என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.