புதுப்பிப்பு: ஜெர்மனியில் உள்ளூர் மக்களோடு ஜெர்மனிலேயே பேசிப் பழகக் கைகொடுத்த வழி

ஸ்டுட்கார்ட்டில் ஆங்கிலவழியில் முதுகலை படிக்கும் நான், பி1 எனப்படும் இடைநிலை வரை ஜெர்மன் கற்றிருந்தும், வாய்திறந்ததுமே எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். வழிசொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பலரும் பரிந்துரைத்த டாண்டெம் முறையை, அதாவது இருவர் ஒருவருக்கொருவர் மொழி கற்றுக்கொடுப்பதை, முயன்றேன். எனக்கு அமைந்த இணை ஆங்கிலப் பயிற்சியை நாடியவர் என்பதால் பேச்சு ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது.

உண்மையில் பலன் தந்தது, 'ஃபெரைன்' எனப்படும் உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் சேருங்கள் என்ற யோசனைதான். நான் சேர்ந்தது ஒரு சேர்ந்திசைக் குழு. ஒத்திகை முழுக்க ஜெர்மனில் நடப்பதால், எந்தப் பக்கம், எந்த வரியிலிருந்து என்று அருகில் நிற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்; அவரும் இசைத்தாளில் விரல்வைத்துக் காட்டியபடி ஜெர்மனிலேயே விடை சொல்வார். பேசுவதற்கு விஷயம் தேட வேண்டாம் என்பதே இதன் பெரும்பலம் என்று கருதுகிறேன்.

எதிர்பாராதது, மூத்த உறுப்பினர்கள் பேசும், இந்தப் பகுதிக்கே உரிய ஸ்வாபிய வட்டார வழக்கு. பாடநூல் அதற்கு உதவவில்லை. ஆனால் பொதுஜெர்மனில் சொல்லுமாறு கேட்டால், முகம் சுளிக்காமல் நிதானமாகத் திரும்பச் சொல்கிறார்கள்.

சேர விரும்புவோருக்கு ஒன்று: உறுப்பினராகும் முன் சில ஒத்திகைகளுக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், என்னை மகிழ்ச்சியோடு அனுமதித்தார்கள்.