பின்கட்டு மரத்தளம்: சரிசெய்வதா, பிரித்துப் புதிதாகப் போடுவதா?

வாசல்படி (கேள்வி கேட்பவரின் புனைபெயர்; கீழே வரும் மற்ற பெயர்கள் பதில் சொல்பவர்களுடையவை)

வீட்டின் பின்சுவரை ஒட்டி 16-க்கு 12 அடியில் ஒரு மரத்தளம். வயது 18. பதப்படுத்திய பைன் மரம், தரையிலிருந்து 3 அடி உயரம். சுவரோடு சேர்த்து அடித்த தாங்குபலகை (லெட்ஜர்), அங்கிருந்து 10 அடி தள்ளி ஒரு உத்திரம், அதைத் தாண்டி ஜாய்ஸ்ட் (மேல்பலகைகளைத் தாங்கும் குறுக்குக்கட்டை) 2 அடி நீண்டிருக்கிறது. உத்திரத்துக்குக் கீழே 3 தூண்கள்.

மேல்பலகை 26-இல் 11 பிளந்தும் வளைந்தும் கிடக்கின்றன. ஆணித்தலைகள் கால் அங்குலம் மேலே எழும்பி நிற்கின்றன. கதவை விட்டு இறங்கும் இடத்தில் மிதித்தால் தளம் அமுங்கி எழும்புகிறது. கைப்பிடியைப் பிடித்தால் ஆடுகிறது.

பார்க்க வந்த இருவரில் ஒருவர் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் மேல்பலகைகளை மட்டும் எடுத்துவிட்டு காம்போசிட் பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போட்டால் போதும், 25 வருடம் கவலையில்லை என்கிறார். இரண்டில் எது சரி என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள என்ன செய்யவேண்டும்? மரவேலைக் கருவிகள் கையில் இருக்கின்றன.

உளிச்சத்தம்

இரண்டு பேர் சொன்னதையும் ஓரமா வைங்க. மேல்பலகையைப் பார்த்து முடிவெடுக்கிற வேலையே இல்லை இது. மேல்பலகை செருப்பு மாதிரி, தேய்ஞ்சா மாத்திக்கலாம். கால் எப்படி இருக்குன்னுதான் பாக்கணும். ஒரு டார்ச், ஒரு பழைய தட்டைத் திருப்புளி, ஒரு சுத்தியல், சாக்பீஸ் எடுத்துக்கிட்டு தளத்துக்கு அடியில போங்க. மழை பெய்து ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போனா நல்லது. மத்த இடமெல்லாம் காய்ஞ்ச பிறகும் எது கருப்பா ஈரமா நிக்குதோ, அங்கதான் வியாதி.

முதல்ல சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. நல்ல மரம் 'ணங்'னு திருப்பிக் கொடுக்கும், இற்றுப்போன மரம் 'பொத்'துன்னு வாங்கிக்கும். சந்தேகம் வந்த இடத்துல திருப்புளியைக் கையால அழுத்துங்க. நல்ல பைன்ல நுனி மட்டும்தான் இறங்கும். கால் அங்குலத்துக்கு மேல சுலபமா இறங்கினா மக்கல் ஆரம்பிச்சாச்சு. இன்னொரு சோதனை: நுனியைக் குத்தி நெம்புங்க. நல்ல மரம் நீளமான சிராயாத்தான் பிளந்து வரும். மக்கின மரம் குத்தின இடத்துலயே துண்டு துண்டா, ரஸ்க் மாதிரி உடையும். மோசமான இடத்துக்கெல்லாம் சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி.

குத்த வேண்டிய இடங்கள், முக்கியத்துவ வரிசையில:

லெட்ஜர் பலகை முதல்ல. அதோட மேல்விளிம்பு, ரெண்டு முனை, கதவுக்கு நேர் கீழ் பாகம். தளத்தோட கிட்டத்தட்ட பாதி எடையை அதுதான் சுமக்குது. உங்க அளவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டறேன். சுவருக்கும் உத்திரத்துக்கும் நடுவுல 160 சதுர அடி. அதுல பாதி, 80 சதுர அடி, லெட்ஜர் தலையில. வழக்கமான கணக்கு சதுர அடிக்கு 50 பவுண்டு: ஆள், சாமானுக்கு 40, மரத்தோட சொந்த எடை 10. ஆக 4,000 பவுண்டு, கிட்டத்தட்ட 1,800 கிலோ. இது வெறும் ஆணியில தொங்குதான்னு பாருங்க. ஆணி பக்கவாட்டுச் சுமையைத் தாங்கும், ஆனா நேரா இழுத்தா உருவிக்கிட்டு வந்துடும். பின்னால இருக்கிற மரம் நனைஞ்சு மென்மையாச்சுன்னா இன்னும் சீக்கிரம் வரும். தளம் இடிஞ்சு விழற விபத்துகள்ல அடிக்கடி கைவிடறது இந்த இணைப்புதான். அதுவும் முன்னறிவிப்பே இல்லாம, நிறைய பேர் நிக்கும்போது விழும்.

அடுத்தது தூண். மண்ணைத் தொடற மட்டத்துக்கு ரெண்டு அங்குலம் மேலயும் கீழயும் மண்ணை விலக்கிக் குத்துங்க. ஆழத்துல காத்து இல்லை, மேல ஈரம் இல்லை. ரெண்டும் சேர்ந்து கிடைக்கிறது அந்த மட்டத்துலதான், அதனால அங்கதான் இத்துப்போகும்.

பிறகு ஜாய்ஸ்டோட மேல்விளிம்பு. ஆணி இறங்கின ஓட்டை வழியா தண்ணி நேரா உள்ள போகுது, பலகை இடுக்குல சருகு அடைச்சு ஈரத்தைப் பிடிச்சு வைக்குது. கீழேயிருந்து பாத்தா நல்லா இருக்கிற ஜாய்ஸ்ட் மேல இத்திருக்கும். அதனால கெட்டுப்போன மேல்பலகையில நாலஞ்சைக் கழட்டிப் பாக்காம முடிவுக்கு வராதீங்க.

ஹேங்கர் தகடுகளையும் (ஜாய்ஸ்ட் முனையை லெட்ஜரோட பிடிச்சு வைக்கிற உலோகத் தாங்கி) விடாதீங்க. எல்லா ஓட்டையிலும் ஆணி இருக்கா? தகடு செதில் செதிலா உரியுதா? புதுவகைப் பதப்படுத்தல்ல செம்பு அதிகம், அது சாதாரண துத்தநாகப் பூச்சை அரிச்சுடும்.

ஈரமானி இருந்தா 20 சதவீதத்தை எல்லையா வைங்க. மரம் அதுக்குக் கீழ காய்ஞ்சிருந்தா மக்கவைக்கிற பூஞ்சை வளராது.

தூக்குக்குண்டு

காம்போசிட் பற்றி மட்டும் சொல்கிறேன். 18 வருட அடிச்சட்டத்தின் (லெட்ஜர், ஜாய்ஸ்ட், உத்திரம்) மேல் 25 வருடப் பலகையைப் பூட்டாதீர்கள். சட்டம் இன்னும் ஏழெட்டு வருடத்தில் கேள்விக்குறி ஆகும்போது, நன்றாக இருக்கும் பலகைகளைக் கழற்றித்தான் அடியில் வேலை செய்யவேண்டி வரும். அந்தப் பலகை பொதுவாக மரத்தைவிடக் கனமானது, விறைப்பும் குறைவு. நேராகப் போட்டால் ஜாய்ஸ்ட் இடைவெளி 16 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, சாய்வாகப் போட்டால் பொதுவாக 12. மையத்திலிருந்து மையம் அளந்து பாருங்கள். 24 அங்குலம் என்றால் அந்த யோசனையே வேண்டாம், கோடையில் பலகை தொய்ந்து அலை அலையாகத் தெரியும்.

சட்டம் புதிது என்றால் காம்போசிட் நல்ல தேர்வு. பழைய சட்டத்துக்குப் பதப்படுத்திய மரப்பலகையே பொருத்தம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக முடியும்.

வாசல்படி

இறங்கிப் பார்த்தேன். ஜாய்ஸ்ட் 13, இரண்டுக்கு எட்டு அங்குல அளவு, 16 அங்குல இடைவெளி.

லெட்ஜர்: ஆணி மட்டும்தான், ஒரு போல்ட்கூட இல்லை. மேலே ஃப்ளாஷிங் தகடும் (தண்ணீர் பின்னால் இறங்காமல் தடுப்பது) இல்லை. கதவுக்குக் கீழ் 3 அடி நீளத்துக்குத் திருப்புளி அரை அங்குலம் இறங்குகிறது. கதவுக்கு நேர் உள்ள 2 ஜாய்ஸ்டுகள் ஹேங்கருக்குள் உட்காரும் முனையிலேயே மென்மையாக இருக்கின்றன. வேறொன்று நடுவில், மேல்விளிம்பில் அரை அங்குல ஆழத்துக்கு. மீதி 10-உம் 'ணங்' தான். தூண்களில் ஒன்று மண்மட்டத்தில் இற்றிருக்கிறது, மற்ற இரண்டும் உத்திரமும் கெட்டி. கைப்பிடித் தூண்கள் பாதி செதுக்கி, தளத்தின் ஓரச்சட்டத்தில் இரண்டிரண்டு ஸ்க்ரூவில் நிற்கின்றன. வீட்டுச் சுவர் மரச்சட்டம், வெளியே மரப்பலகை உறை.

இழைப்புளி

உங்கள் பட்டியலைப் பார்த்தால் மொத்தமாகப் பிரிக்கத் தேவையில்லை. மேல்பலகை மட்டும் போதும் என்றவர் சொன்னதோ ஆபத்து. 13-இல் 3 கெட்டது சமாளிக்கக்கூடிய கணக்கு. 5-ஐத் தாண்டியிருந்தாலோ, உத்திரம் இற்றிருந்தாலோ, அடிக்கான்கிரீட் சாய்ந்தோ கிளம்பியோ இருந்தாலோ நான் பிரிக்கத்தான் சொல்வேன். உழைப்பும் சாமானும் சேர்த்துப் புதுத்தளத்தின் பாதிக்கு மேல் போனாலும் அதே பதில்தான்.

ஆனால் இன்னும் ஒன்றைப் பார்க்கவில்லை. லெட்ஜருக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் ஓரச்சட்டம், அதாவது வீட்டுத் தரைச்சட்டத்தின் ஓரப்பலகை. 18 வருடம் தகடில்லாமல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வீட்டுக்குள் தரைக்கு அடியிலிருந்து எட்ட முடிந்தால் அங்கிருந்து குத்திப் பாருங்கள். முடியாவிட்டால் லெட்ஜரைக் கழற்றும்போது தெரியும். அது இற்றிருந்தால் முதலில் வீட்டைச் சரிசெய்யவேண்டும், தளம் அப்புறம். அதுவரை அந்தத் தளத்தில் கூட்டம் வேண்டாம். சொல்லப்போனால் இன்றைக்கே கதவைப் பூட்டிவிடுங்கள், ஆணியில் தொங்கும் லெட்ஜரை நம்பாதீர்கள்.

ஓரச்சட்டம் நன்றாக இருந்தால் வேலை இந்த வரிசையில்:

சுவரிலிருந்து 2 அடி தள்ளி, ஜாய்ஸ்டுகளுக்குக் கீழே தற்காலிக உத்திரம் ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். முட்டுக்கால்களுக்கு அடியில் அகலப் பலகை, இல்லையென்றால் மண்ணில் புதையும். ஜாக்கியால் மெதுவாக, சுமை ஏறும் வரை மட்டும் தூக்குங்கள். முட்டு நிற்காமல் லெட்ஜரில் ஓர் ஆணியைக்கூட உருவக்கூடாது.

சுவரோர மேல்பலகைகள், ஹேங்கர்கள், லெட்ஜர் மூன்றையும் கழற்றுங்கள். புது லெட்ஜர் இரண்டுக்கு எட்டு, பதப்படுத்தியது. அரை அங்குல லேக் ஸ்க்ரூ (போல்ட் போல் தலை உள்ள தடித்த மர ஸ்க்ரூ), வாஷரோடு, 15 அங்குலத்துக்கு ஒன்று, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி. ஒரே நேர்கோட்டில் போட்டால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். லெட்ஜரில் துளை அரை அங்குலம், பின்னால் உள்ள ஓரச்சட்டத்தில் 5/16 அங்குலம். துளை இல்லாமல் முறுக்கினால் பிளவு, பெரிதாகத் துளைத்தால் பிடிப்பில்லை. வாஷர் மரத்தில் புதையும் அளவுக்கு முறுக்கவேண்டாம். நுனி ஓரச்சட்டத்தின் மறுபக்கம் எட்டிப் பார்க்கவேண்டும், அந்த நீளத்தில் வாங்குங்கள்.

ஃப்ளாஷிங் தகட்டின் மேல்மடிப்பு சுவர் உறைக்கும் அதன் உள்தாளுக்கும் பின்னால் போகவேண்டும், கீழ்மடிப்பு லெட்ஜர் முகத்தில் இறங்கி வழிய வேண்டும். உறைக்கு முன்னால் ஒட்டிப் பசை பூசுவது பலர் செய்யும் தவறு. பசை ஒருநாள் விடும், அன்றிலிருந்து பின்னால் போகும் தண்ணீர் வெளியே வர வழியே இருக்காது. அலுமினியத் தகடு கூடாது, செம்பு கலந்த மரம் அதைத் தின்றுவிடும்.

முனை இற்ற 2 ஜாய்ஸ்டையும் மாற்றியே ஆகவேண்டும். உட்காரும் இடமே போனபிறகு பக்கத்தில் துணைக்கட்டை கட்டிப் பயனில்லை. நடுவில் கெட்ட ஒன்றுக்கு மென்மையான பாகத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, அதே உயரத்தில் முழு நீளத் துணை ஜாய்ஸ்ட் ஒன்றை ஒட்டிப் பூட்டுங்கள். அதுவும் லெட்ஜர் ஹேங்கரிலும் உத்திரத்திலும் உட்காரவேண்டும். மூன்றடித் துண்டை நடுவில் ஒட்டினால் பார்வைக்குத்தான் அழகு.

இரும்புச் சாமான் எல்லாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது, அல்லது எல்லாமே ஸ்டெயின்லெஸ். இரண்டையும் கலந்தால் துத்தநாகம் சீக்கிரம் கரையும். ஹேங்கரில் அதற்கான ஆணிதான், சுவர்ப்பலகை ஸ்க்ரூ பட்டென்று முறியும்.

தூணை மாற்றும்போது மறுபடி மண்ணில் புதைக்காதீர்கள். கான்கிரீட் மேல் உலோகப் பாதம், அதன்மேல் ஓர் அங்குல இடைவெளியில் தூண். அறுத்த முனைகளில் எல்லாம் செம்பு மருந்து தடவவும். பதப்படுத்தல் பெரும்பாலும் மரத்தின் நடுவரை போயிருக்காது, அறுத்தால் மருந்து ஏறாத மரம் வெளியே வரும்.

கைப்பிடியில் சமரசமே வேண்டாம், புதிதாகப் போடுங்கள். செதுக்காத நாலுக்கு நாலு தூண், தூணுக்கு அரை அங்குல ஊடுருவும் போல்ட் இரண்டு, மேல்போல்டை உள்ளே ஜாய்ஸ்டோடு இழுத்துப் பிடிக்கும் தகடு. 36 அங்குலத்துக்குக் குறையாத உயரம், கம்பிகளின் நடுவே 4 அங்குலத்துக்குக் குறைவான சந்து. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் கணக்கு.

உளிச்சத்தம்

இழைப்புளி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன். ஓரச்சட்டம் சரியில்லைன்னா, சுவரைத் தொடாம தளத்தைத் தனியா நிறுத்தற வழியும் இருக்கு. சுவருக்குப் பக்கத்துல ரெண்டாவது உத்திரமும் தூணும் போட்டு, பக்கவாட்டு ஆட்டத்துக்குக் குறுக்குச் சாய்வுக் கட்டை கொடுக்கணும். அஸ்திவாரத்தை ஒட்டி இருக்கறது வீடு கட்டும்போது தோண்டி மூடின மண். அதுல கான்கிரீட் போட்டா வருஷாவருஷம் இறங்கும். தோண்டாத கெட்டி மண் வர வரைக்கும் குழி போகணும், உறைபனி விழற ஊர்னா மண் உறையற ஆழத்துக்கும் கீழ.

வாசல்படி

நன்றி ஐயா, நன்றி அண்ணா. கதவைப் பூட்டிவிட்டேன். மேல்பலகையில் நன்றாக இருக்கும் 15-ஐத் திருப்பிப் போட்டால் ஆகுமா?

தூக்குக்குண்டு

ஆகும், ஆனால் பதினைந்தும் தேறாது. ஆணியை மேலிருந்து பிடுங்காமல் கீழிருந்து தட்டி எழுப்பினால் பலகை பிளக்காது. திருப்பியபின் அடிப்பக்கத்தையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள், ஜாய்ஸ்டைத் தொட்டுக் கிடந்த பட்டைகள்தான் முதலில் கெடும். தேறியவற்றை ஒரே பக்கமாகச் சேர்த்துப் போடுங்கள். புதியதோடு ஒன்றுவிட்டு ஒன்று கலந்தால் தடிமன் வித்தியாசத்தில் கால் தடுக்கும்.

ஜாய்ஸ்டுகளின் மேல்விளிம்பில் பியூட்டைல் நாடா (தண்ணீர் புகாத ஒட்டுநாடா) ஒட்டிவிட்டு, ஒவ்வொரு ஜாய்ஸ்டுக்கும் இரண்டு ஸ்க்ரூ. ஆணி வேண்டாம். நனைந்து உப்பி காய்ந்து சுருங்கும் மரம் வழவழப்பான ஆணியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே தள்ளும், நீங்கள் பார்த்த கால் அங்குலம் அப்படி வந்ததுதான். பழைய, காய்ந்த பலகைக்கு நடுவே கால் அங்குல இடைவெளி. புதுப்பலகை ஈரமாக வந்தால் நெருக்கியே போடுங்கள், காயும்போது தானே விலகும்.

கழித்துப் போடும் மரத்தை எரிக்கவேண்டாம். 2004-க்கு முன் பதப்படுத்தியதில் ஆர்செனிக் இருக்கலாம், பிந்தையதிலும் செம்பு இருக்கிறது. அறுக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு அவசரப்படாதீர்கள். புதுப்பலகையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் மரம் இன்னும் ஈரம். சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் எண்ணெய்ப் பூச்சு அடிக்கலாம்.