வெள்ளம் வடியுமுன் பாடிய பாசுரம்

படித்த பாட்டு ஒன்று பிற்பாடு திடீரெனப் புரிந்த நேரம் உண்டா என்று இங்கே கேட்டிருந்தார்கள். எனக்கும் உண்டு. 2023 டிசம்பர் 20, மார்கழி நாலு.

ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 17-ஆம் தேதி மார்கழி பிறந்த அன்றே மழை பேயாய்ப் பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணி. நெல் மூட்டை அத்தனையும் போச்சு. நாலாம் நாள் விடியலில், கரண்ட் இல்லாத கோயிலில் நாங்கள் ஆறே பேர். மார்கழியில் நாளுக்கு ஒன்றாகப் பாடும் ஆண்டாள் திருப்பாவையில் அன்றைய பாசுரமோ "ஆழி மழைக்கண்ணா ஒன்று நீ கைகரவேல்". மழையே, கொஞ்சமும் ஒளிக்காமல் கொட்டு என்று கேட்பது! "இன்னும் கேக்கணுமாக்கும்?" என்றாள் பின்னால் நின்ற ஆச்சி. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இந்தப் பாட்டுக்கு 'விபரீத உவமை' என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். பெருமாளைத்தான் மேகம் போன்றவன் என்பார்கள். ஆண்டாள் திருப்பிப் போடுகிறாள்: மேகம் அவன் திருமேனிபோல் கறுக்கணும், சக்கரம்போல் மின்னணும், சங்குபோல் அதிரணும். கடலும் ஆழி, சக்கரமும் ஆழி. கடலுக்குள் புகுந்த சொல் அவன் கையில் ஏறி மின்னுகிறது. அழகுதான், ஆனால் அன்றைக்கு அதில் மனம் போகவில்லை.

"சார்ங்கம் உதைத்த சரமழைபோல்". சார்ங்கம் என்கிற அவன் வில்லிலிருந்து பாயும் அம்பு. நாங்கள் பார்த்ததும் அந்த மழையைத்தான். அதை ஒட்டியே அடுத்த சொல்: "வாழ". அழிக்க இல்லை, உலகம் வாழப் பெய் என்பது. ஆழி, ஊழி, பாழி, தாழாதே என்று வந்த எதுகைக்கு இதுவும் ஒன்று என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஆச்சி அந்த 'வாழ'வை மட்டும் இழுத்துப் பாடினாள்.

தென்காசிக்காரன்:
நம்ம கதை இவ்வளவு கனம் இல்லை அண்ணாச்சி. குற்றாலக் குறவஞ்சியில் "செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்" என்று வரும். தேனருவித் தண்ணி வானம்வரை எழும்பி, சூரியனுடைய குதிரையும் தேர்ச்சக்கரமும் வழுக்குகிறதாம். அதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் அளந்து விடுகிறார் என்று வாத்தியாரிடமே சொன்னவன் நான். அதே சாரலில் ஐந்தருவிப் பாறையில் மல்லாக்க விழுந்தேன். சூரியனுக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்!

முதலில் எழுதியவர்:
சிரித்துவிட்டேன் தம்பி. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மூணாம் நாள் கோயிலுக்குள் தண்ணி நின்றதால் யாரும் போகவில்லை. அன்றைக்குப் பாட வேண்டியது "தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து". ஆச்சி விடவில்லை. நாலாவதை முடித்தபிறகு, விட்டுப்போன அதையும் பாட வைத்துத்தான் எங்களை அனுப்பினாள்.