ஹாமில்டனில் பழகிய ஒரு மாவோரி மார்மன் குடும்பம்

நியூசிலாந்தின் ஹாமில்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த மாவோரிப் (நியூசிலாந்தின் பூர்வகுடி) பெண்மணி ஒருவர் மார்மன் சபையைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிதான். டீ, காபி தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் எடுக்கமாட்டார். அமெரிக்காவில் பிறந்த மதம் ஒரு மாவோரிக் குடும்பத்தில் இத்தனை தலைமுறையாக எப்படி நிலைத்தது என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் நிலத்திலிருந்து ஆரம்பித்தார். 1863இல் பிரிட்டிஷ் படை, ஹாமில்டன் இருக்கும் வைகாட்டோ பகுதிக்குள் புகுந்தது. அப்புறம் மாவோரிகளின் நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பறிமுதல் ஆனது. "எங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பாதிரிகளில் எத்தனை பேர் அன்றைக்கு எங்கள் பக்கம் நின்றார்கள்?" என்று கேட்டார். 1880களில் மார்மன் ஊழியர்கள் மாவோரி ஊர்களுக்கு வந்தார்கள். மாவோரி மொழி கற்றார்கள், அவர்கள் வீடுகளிலேயே தங்கினார்கள். 1889இலேயே அவர்கள் வேதநூலான மார்மன் புத்தகம் மாவோரியில் அச்சாகிவிட்டது. பிரிட்டிஷ் மகாராணியோடு ஒட்டும் உறவும் இல்லாத சபை அது. அதில் சேர்ந்தால் ஆள்பவன் பக்கம் சாய்ந்ததாக ஆகாது. அந்த மக்கள் யோசித்தே தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வம்சாவளியும் ஒரு காரணம். மாவோரிகள் முன்னோர் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பவர்கள். மார்மன்கள் இறந்துபோன முன்னோருக்காகவும் கோயிலில் ஞானஸ்நானம் பெறுபவர்கள். ஊருக்கு வெளியே டெம்பிள் வியூவில் 1958இல் திறந்த கோயில், தென் அரைக்கோளத்தில் மார்மன்களுக்கு முதலாவது. தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் கட்டியது. ஆன்ட்டியின் அப்பா அதற்கு கான்கிரீட் பிளாக் வார்த்தவர்.

சிக்கல் அவருடைய மகளிடமிருந்து வந்தது. மார்மன் புத்தகத்தில் ஹாகோத் என்பவர் கப்பல்கள் கட்டி அனுப்புகிறார். ஒரு கப்பல் திரும்பவே இல்லை. மாவோரிகள் உள்ளிட்ட பசிபிக் தீவு மக்களான பொலினீசியர்கள், அப்படிக் கப்பலில் போனவர்களின் வழி வந்தவர்கள் என்று சபையில் பலரும் நம்புகிறார்கள், ஆன்ட்டியும் நம்புகிறார். மகளோ, எங்கள் ஆதித் தாயகமான ஹவாய்க்கியிலிருந்து தோணியில் வந்தோம் என்று மராயேவில் (மாவோரிகள் கூடும் பொது இடம்) நின்று சொல்லிவிட்டு, சபையில் வேறு கதையை எப்படி ஏற்பது என்று கேட்டாள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அவர்கள் பிறப்பின் கதையையும் வெளியார் எழுதித் தருவதா? அவள் கோபம் முழுக்க நியாயம்.

அவள் ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆன்ட்டி அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் தாத்தா வார்த்த சுவரைப் பற்றி அவள் எதிரில் யாரும் குறைத்துப் பேச முடியாது, சண்டைக்கே வந்துவிடுவாள்.