புதுப்பிப்பு: அமுச்சிக்கும் நங்கையாளுக்கும் பின்னல் புக் வாங்கியாச்சுங்க

போன மாசம் ரெண்டு பேருக்கும் எந்த நிட்டிங் புக் வாங்கறதுன்னு கேட்டிருந்தேனுங்க, சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அமுச்சிக்கு ஜப்பான் டிசைன் புக் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னீங்கல்ல, அதேதான் செட்டாச்சு, முழுக்க கட்டம் போட்ட சார்ட்டு, பாஷையே வேண்டாம், புள்ளிக்கோலம் மாதிரி எண்ணி எண்ணிப் போட்டுத் தள்ளறாங்க. நங்கையா இப்பத்தான் பழகுறாங்க, அவங்களுக்கு பெரிய போட்டோ போட்ட அமெரிக்கா புக். அதுலதான் ஒரு கூத்து. 8ஆம் நம்பர் ஊசின்னு போட்டிருந்துச்சு, கோயம்புத்தூர்ல கேட்டு வாங்குனது பழைய இங்கிலாந்து நம்பராம், அது 4 மில்லிமீட்டர் கனம், அமெரிக்கா 8ன்னா 5 மில்லிமீட்டர். ஊசி சன்னமாப் போனதுல மாமனுக்குப் பின்னுன குல்லா சின்னதாகி பாப்பாவுக்குத்தான் ஆச்சு! நம்பர விட்டுட்டு மில்லிமீட்டர் பாத்து வாங்குங்க.