லைப்சிக் இசைப் பருவம்: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி

பணி நிமித்தமாக வரும் செப்டம்பர் முதல் ஓராண்டுக் காலம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தங்கவிருக்கிறேன். கர்நாடக இசையைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன் என்றாலும், மேற்கத்திய இசையோடு எனக்குள்ள பழக்கம் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் ஒலிப்பதிவுகளைத் தாண்டியதில்லை. அந்நகரில் கோடை முடிந்து அடுத்த கோடை வரை நீளும் இசைப் பருவத்தில் சில கருவிகள் மட்டும் வாசிக்கும் சேம்பர் இசை, பியானோவுடன் ஒருவர் பாடும் கலைப்பாடல், தேவாலய இசை ஆகிய மூன்றும் தொடர்ந்து நடைபெறுகின்றன என்று அறிகிறேன். இவற்றுள் எதை முதலில் கேட்பது நல்லது? நான் கிறிஸ்தவன் அல்லன். தேவாலயத்தில் நடைபெறும் இசைக்குச் செல்வதில் தயக்கம் தேவையா? ஜெர்மன் மொழி அறியாதவருக்குக் கலைப்பாடல் என்ன தரும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

லைப்சிக்கில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயங்காமல் புனித தோமா ஆலயத்தின் வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டிலிருந்து தொடங்குங்கள். ‘மோட்டெட்டே’ என்று அங்கே வழங்கும் இந்த இசை வழிபாடு வழக்கமாக வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் நடைபெறுகிறது. வாசலில் சில யூரோ கொடுத்து நிகழ்ச்சித் தாளை வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம், எந்தச் சமயத்தவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. 1212-இல் தோன்றிய சிறுவர் பாடகர் குழு, இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை பொறுப்பேற்றிருந்த அதே குழு, இன்றும் பள்ளி நாள்களில் அங்கே பாடுகிறது. விடுமுறைக் காலங்களில் வேறு ஊர்க் குழுக்கள் பாடும் என்பதால், சிறுவர்களையே கேட்க விரும்பினால் பள்ளி நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது கச்சேரி அன்று, வழிபாடு. இடையே ஒரு சிற்றுரை இருக்கும், ஜெபம் இருக்கும், கூடியிருப்பவர் அனைவரும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டும் இருக்கும், கைதட்டுவதில்லை. பாடகர்கள் மேற்குப் பக்க மாடத்தில் நிற்பார்கள், நீங்களோ பலிபீடத்தை நோக்கி அமர்ந்திருப்பீர்கள். ஆகவே குரல்கள் முதுகுக்குப் பின்னால், மேலிருந்து வந்து சேரும். பாடுபவரின் முகத்தையும் கையசைவையும் பார்த்தே பழகிய நமக்கு முதலில் இது குறையாகத் தோன்றும். ஆனால் பாடுபவர் யார் என்ற ஆர்வம் அடங்கி நான்கு குரல்களும் ஒன்றையொன்று தொடர்வது மட்டும் காதில் நிற்பதற்கு இந்த ஏற்பாடே துணை செய்கிறது என்பது என் கருத்து.

சனிக்கிழமைகளில் பெரும்பாலும் பாக்கின் கன்டாட்டா ஒன்று, அதாவது பல பகுதிகளாக அமைந்த ஒரு பாட்டிசைப் படைப்பு, வாத்தியக் குழுவுடன் இடம்பெறும். லைப்சிக்கில் அவர் பதவியேற்ற முதல் ஆண்டுகளில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்றாக எழுதியவை இவை. இன்று சுமார் 200 கன்டாட்டாக்கள் கிடைக்கின்றன. ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தைய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் அந்நாளில் ஆலயங்களில் இத்தகைய பெரிய இசை பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஓய்வே பெரிய படைப்புகளை எழுத அவருக்கு நேரம் கொடுத்தது. மத்தேயு நற்செய்தியின்படி இயேசுவின் பாடுகளைச் (துன்பங்களைச்) சொல்லும் அவருடைய இசை 1727-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று அந்த ஆலயத்தில்தான் முதலில் ஒலித்தது என்று கருதப்படுகிறது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் அதை எடுத்த எடுப்பில் கேட்கப் போகாதீர்கள்; கன்டாட்டாக்களில் காது பழகியபின் வசந்தத்தில் கேளுங்கள்.

பதில் 2

மேலே எழுதிய நண்பரோடு ஓரிடத்தில் வேறுபடுகிறேன். ஆலயத்தின் எதிரொலியில் பல குரல்கள் ஒன்றோடொன்று கலப்பதைப் பிரித்துக் கேட்பது புதியவருக்குக் கடினம். ராகத்தை நுணுகிக் கேட்டுப் பழகிய காதுக்கு நான்கு நரம்பிசைக் கருவிகள் மட்டும் உள்ள குவார்டெட்டே எளிய வாசல். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ; யார் என்ன சொல்கிறார், யார் மறுமொழி தருகிறார் என்பது கண்ணுக்கும் தெரியும். லைப்சிக்கின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவான கெவண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் உறுப்பினர்களைக் கொண்ட குவார்டெட் 1808 முதல் ஆள் மாறி ஆள் வந்து தொடர்கிறது. 1981-இல் திறக்கப்பட்ட இன்றைய கெவண்ட்ஹவுஸ் கட்டடத்தில் இசையமைப்பாளர் மென்டல்சன் பெயரிலான சிறிய அரங்கு இதற்கென்றே இருக்கிறது. மென்டல்சன் 1847-இல் காலமான வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே ஞாயிறு முற்பகல்களில் நடைபெறும் நிகழ்ச்சிகளில் வாசிப்பவரின் மூச்சுகூடக் கேட்கும் அளவுக்கு அருகில் அமரலாம். ஒரு படைப்பின் மூன்று அல்லது நான்கு பகுதிகளும் முடிந்தபின்னரே கைதட்டுவார்கள். நடுவில் தலையாட்டுவதற்கு மட்டும் தடையில்லை.

இசையமைப்பாளர் ஷூமானைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1840-இல், பியானோ கலைஞர் கிளாராவை மணந்த அதே ஆண்டில், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். மணமானபின் இருவரும் குடியேறிய இன்செல் தெரு வீட்டில் வாழ்ந்தபோது, 1842-இல், மூன்று குவார்டெட்டுகளையும் பியானோவும் குவார்டெட்டும் சேர்ந்த குவின்டெட்டையும் எழுதினார். அந்தக் குவின்டெட்டைத் தனிப்பட்ட கூடுகை ஒன்றில் முதன்முறை வாசிக்கவிருந்த கிளாராவுக்கு உடல்நலம் குன்றியபோது, மென்டல்சன் முன்தயாரிப்பு இல்லாமல் தாளைப் பார்த்தே பியானோ பகுதியை வாசித்தார். அந்த வீட்டிலும் இன்று கச்சேரிகள் நடைபெறுகின்றன.

மொழி அறியாமல் கலைப்பாடல் என்ன தரும் என்று கேட்டிருந்தீர்கள். ஆயத்தம் இல்லாமல் போனால் அதிகம் தராது என்பதே நேர்மையான பதில். ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு ஷூமான் 1840-இல் இசையமைத்த ‘கவிஞனின் காதல்’ வரிசையில் 16 பாடல்கள், மொத்தம் அரை மணி நேரம். மொழிபெயர்ப்பை முதல் நாளே படித்துவிட்டுப் போங்கள், அரங்கில் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தால் பாடல் கடந்துவிடும். பல இடங்களில் பாடகர் நிறுத்தியபின்னும் பியானோ தொடர்ந்து பேசும். கடைசிப் பாடலில் கவிஞன் தன் காதலையும் துயரையும் பெட்டியில் அடைத்துக் கடலில் ஆழ்த்தச் சொல்லிக் கசப்போடு முடித்தபின், பியானோ அந்தக் கசப்பை ஏற்காமல் நெடுநேரம் தனியே மென்மையாக வாசிக்கிறது. பியானோவைப் பக்கவாத்தியமாக எண்ணிக் கேட்டால் பாதி பாடலை இழந்துவிடுவீர்கள்.

பதில் 3

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் வளர்ந்தவள் நான். 1848-இல் டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் நகருக்கு இடம் மாறிய மிஷன் சங்கத்தின் பணியோடு தொடர்புடைய திருச்சபை இது. எங்கள் வழிபாட்டில் கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளும், ஜெர்மன் மெட்டுகளில் தமிழ்ச் சொற்கள் அமைந்த ஞானப்பாட்டுகளும் அருகருகே பாடப்படுகின்றன. பாக்கின் பெரும்பாலான கன்டாட்டாக்கள் இத்தகைய சபைப் பாட்டு ஒன்றை நான்கு குரல்களில் எளிமையாகப் பாடி நிறைவடைகின்றன. முதலிலிருந்து சிக்கலாக வளர்ந்த இசையில் தடுமாறினாலும் அந்த முடிவைப் பிடித்துக்கொள்ளலாம். அதே மெட்டு முன்னைய பகுதிகளில் எங்கெங்கே மறைந்திருந்தது என்பதை இரண்டாம் முறை கேட்கும்போது கண்டுகொள்வீர்கள். தமிழ் லுத்தரன் நண்பர் எவரேனும் இருந்தால், புறப்படுவதற்கு முன் இரண்டு மூன்று ஞானப்பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. டிசம்பரில் பாக்கின் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோவைக் கேட்க விரும்புகிறேன். அதை ஒரே நாளில் முழுமையாகப் பாடுவார்களா?

பதில் 1

பெரும்பாலும் இல்லை. அது ஆறு கன்டாட்டாக்களின் தொகுதி. 1734 டிசம்பர் 25 முதல் 1735 ஜனவரி 6 வரை ஆறு நாள்களுக்குப் பிரித்து எழுதப்பட்டது. ஆறையும் முழுமையாகக் கேட்டவர்கள் நகரின் மற்றொரு ஆலயமான நிக்கோலா ஆலயத்துக்குச் சென்றவர்களே. புனித தோமா ஆலயத்தில் மூன்றாவதும் ஐந்தாவதும் அந்த முறை பாடப்படவில்லை. இன்று டிசம்பரில் முதல் மூன்று பகுதிகளைப் பாடுவதே பொதுவான வழக்கம். எக்காளமும் முரசும் முழங்கும் தொடக்கத்துக்காக எல்லாரும் அதற்கே முந்துவார்கள் என்பதால் நுழைவுச்சீட்டை இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். கொம்புகள் ஒலிக்கும் நான்காம் பகுதி புத்தாண்டு நாளுக்குரியது. அதையும் அதற்குப் பிந்தையவற்றையும் கேட்க ஜனவரி முதல் வார நிகழ்ச்சிகளைத் தனியே தேடிப் பாருங்கள்.