அக்கா தத்து கொடுத்த பெண்ணுக்கு இந்த மரபணு விஷயத்தை எப்படிச் சொல்வது?

வைகைக்கரை:
1994-ல் கல்யாணத்துக்கு முன்னால் என் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் யாரும் அவளுக்குத் துணை நிற்கவில்லை, ஓர் இல்லத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். போன வருடம் அக்கா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனாள். கடைசி மாதங்களில் எடுத்த பரிசோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில், புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் இருப்பது தெரிந்தது, எனக்கும் பார்த்தார்கள், எனக்கும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். அதே மாற்றம் அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார் டாக்டர். அவள் முகத்தைப் பார்க்க ஆசை இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அதைவிட இந்தச் செய்தி அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். அத்தானுக்கு இப்படி ஒரு குழந்தை இருப்பதே தெரியாது. என்ன செய்யலாம்?

தொட்டில்பிள்ளை:
நானும் தத்துப்பிள்ளைதான் அக்கா. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்தவள், பெற்றவர் யார் என்று எந்தத் தாளிலும் இல்லை. எந்த டாக்டரிடம் போனாலும் "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, புற்றுநோய்?" என்று கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் "தெரியாது" என்று சொல்லும்போது தொண்டை அடைக்கும். எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். ஆனால் தயவுசெய்து ஃபேஸ்புக்கில் தேடிப்போய் நிற்காதீர்கள். தான் தத்து என்பதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

செவிலி_திருச்சி:
முதலில் அக்காவின் மரபணு ரிப்போர்ட்டை நகலெடுத்து வையுங்கள். எந்த இடத்தில் மாற்றம் என்று அதில் இருக்கும், அது தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், செலவு குறையும். இந்த மாற்றம் உள்ள பெண்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது, சினைப்பைக்கும் ஆபத்து அதிகம். அதனால்தான் 25 வயதிலிருந்தே வருடாந்திர எம்ஆர்ஐ என்கிறோம். அவளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களும் பார்க்க வேண்டும், ஆண்கள் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும்.

இருபிள்ளைத்தாய்:
நான் தத்தெடுத்தவள். வேர்த்தேடலுக்கு, அதாவது பெற்றவர் யார் என்று தேட, விண்ணப்பிக்கும் உரிமை பிள்ளைக்குத்தான், 18 வயது ஆனபின் தானே கேட்கலாம். மூன்றாம் ஆள் தேடுவதை 2022 தத்தெடுப்பு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. அதனால் பெயர், முகவரி கேட்காதீர்கள், தர மாட்டார்கள். இல்லத்தில் கடிதமும் ரிப்போர்ட் நகலும் கொடுத்து, "கோப்பில் சேருங்கள், முடிந்தால் அவளுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். இல்லம் மூடியிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுப் பாருங்கள், காராவுக்கும் (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) ஒரு நகல் அனுப்புங்கள். அப்புறம், கடிதத்தில் அக்காவின் கதையெல்லாம் வேண்டாம். நோய், வந்த வயது, ரிப்போர்ட், உங்கள் போன் நம்பர். நம்பரைக் கடைசியில் போடுங்கள், கூப்பிட்டே ஆக வேண்டும் என்ற தொனி வந்துவிடக் கூடாது. என் மகளுக்கு இப்படி ஒரு தாள் வந்தால் நானே அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவேன்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கதையெல்லாம் சேர்த்து நாலு பக்கம் எழுதியிருந்தேன், அதை எடுத்து வைத்துவிட்டு ஒரு பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறேன். அந்த இல்லம் இன்னும் இருக்கிறது, திங்கட்கிழமை போகிறேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அத்தானிடம் சொல்வதா என்று மட்டும் இன்னும் புரியவில்லை.